பத்து மணிப் பாட்டு

பாசிமுனை ஊருக்குள் ஒரு ஒப்பாரி கட்டறுத்துக்கொண்டு இறங்கிய வருஷம், கச்சான் காற்று வரவேண்டிய நாளில் வந்தது, சாளை மீன் வரவேண்டிய நாளில் வரவில்லை, கோயில் கொடிமரத்துக்குப் புது வர்ணம் அடித்தார்கள், மற்றபடி எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தது. பாட்டை அவிழ்த்துவிட்டவர் இஞ்ஞாசி சாமியார். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்யாத காரியத்துக்கு மன்னிப்பு உண்டு என்று அவரே எத்தனையோ பிரசங்கத்தில் சொல்லியிருந்தார், ஆனால் அந்த நாட்களில் அந்தப் பிரசங்கம் அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் அளவுக்குக்கூட உதவவில்லை.

அவர் அந்த ஊர்க் கோயிலுக்கு மூன்று வருஷத்துக்கென்று வந்தவர்; வந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. மாற்றல் கடிதம் வரும்போதெல்லாம் ஆயர் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய், காலில் விழாத குறையாக நின்று, "இன்னும் கொஞ்சம் சொல்லு பாக்கி இருக்கு ஆண்டவரே" என்று கெஞ்சிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். சொல் என்று அவர் சொன்னது கடற்கரைச் சொற்களை. காற்றுக்கு எத்தனை பெயர், நீரோட்டத்துக்கு எத்தனை பெயர், வலை கிழிந்தால் ஒரு சொல், தைத்த வலை அதே இடத்தில் மறுபடி கிழிந்தால் வேறொரு சொல், தூரத்தில் வரும் வள்ளத்தின் அசைவைப் பார்த்தே உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்கள், வள்ளம் தள்ளும்போது பாடுகிற பாட்டு, தொட்டில் ஆட்டும்போது பாடுகிற பாட்டு, எல்லாவற்றையும் கல்யாண ஓலைகளின் பின்பக்கத்திலும் யாருக்காகப் பூசை என்று எழுதிக்கொடுக்கிற பூசைக்கருத்துச் சீட்டுகளின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதி, யார் சொன்னது, என்ன வேலை செய்துகொண்டிருக்கும்போது சொன்னது என்றும் ஓரத்தில் குறித்து, சுருட்டுப் பெட்டிகளில் நிறுத்தி வைத்திருந்தார். நாற்பத்தொரு பெட்டி. வேறு பிரதி கிடையாது. எழுதுவது அவர், அகர வரிசையில் அடுக்குவது கஸ்பார் உபதேசியார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் மணியடிப்பதும் போக, தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சாமியாரோடு உட்கார்ந்து சீட்டு அடுக்குவதும் உபதேசியாரின் வேலையாகிப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. பட்டணத்து அச்சகத்தில் பேசி முடித்தாகிவிட்டது. உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் பெட்டிகள் லாரி ஏறுவதாக இருந்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைப் பேசிக்கொண்டிருந்தாலும், கேட்டிராத ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால், "பொறு, பொறு, அது என்ன சொல்லு?" என்று கையைத் தூக்கிவிடுவார். ஏலம் போடுகிறவன் வாயை அப்படி அடைத்திருக்கிறார், சண்டை போட்ட இரண்டு பெண்களை நடுவில் நிறுத்தி இருவரிடமும் பொருள் கேட்டிருக்கிறார், ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் ஒருவன் தன் பாவத்தை அழுது அழுது சொல்லும்போதே, பொறு என்று கேட்டுவிட்டு, பிறகு அதற்காகத் தானே அடுத்த ஊர்ச் சாமியாரிடம் போய் முழங்கால் போட்டிருக்கிறார். ஊரில் அவருக்குப் பொறு சாமி என்று பேர். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள், அவரும் சிரித்துக்கொள்வார்.

எல்லாப் பாட்டும் வந்து சேர்ந்தபிறகும் ஒன்று மட்டும் வராமல் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்காகப் பாடுகிற ஒப்பாரி. அது தெரிந்தவள் அந்தக் கரையில் வியாகுலம் ஒருத்திதான். மீன் விற்கிறவள், ஐம்பத்தைந்து வயது, மாமியாரிடம் கற்றுக்கொண்டது, யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. பிணம் இல்லாத இடத்தில் அதைப் பாடக்கூடாது, பாடத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக்கூடாது, முடித்ததும் கடல்தண்ணீரால் மூன்று முறை வாய் கொப்பளித்து, பாட்டு போச்சு என்று சொல்லவேண்டும். இதெல்லாம் பாசிமுனையில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். சாமியார் ஆறு வருஷம் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

"மாமியார் எனக்குச் சொல்லிக்குடுக்கும்போது பிணமா வச்சிருந்தா? முழுசாப் பாடி வாயைக் கழுவிட்டா, பிணம் இருந்துச்சா இல்லையான்னு பாட்டுக்குத் தெரியாது சாமி. நடுவுல நின்னாத்தான் அது சுத்திமுத்திப் பாக்கும். அதனால ஒண்ணே ஒண்ணு. நான் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கப்படாது. கூரை எரிஞ்சாலும் திறக்கப்படாது."

"திறக்கமாட்டேன்" என்றார் சாமியார். சத்தியமும் செய்தார்.

தவக்காலத்தின் முதல் வாரம், பகல் பத்து மணி, சாமியார் குடியிருந்த பங்களாவின் புத்தக அறையில் பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் பாய் விரித்து வியாகுலம் உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டாள். பக்கத்தில் ஒரு செம்பில் கடல்தண்ணீர். சாமியார் மடியில் சீட்டுகளை வைத்துக்கொண்டு பென்சிலைக் கூர்மையாகச் சீவி வைத்திருந்தார்.

தொட்டில் கயிறு வாங்கத்
தூரதேசம் போயிருந்தேன்,
கட்டி முடிக்குமுன்னே
கடலடியில் தூங்கினியோ

என்று அவள் தொடங்கியதும் சாமியாருக்கு உடம்பு சிலிர்த்தது. எழுதினார். எழுதிக்கொண்டே போனார். இருபது அடி, முப்பது அடி, கண்ணில் நீர் வழிய எழுதினார். முப்பத்திரண்டாவது அடியில் ஒரு சொல் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத சொல். அதை இங்கே எழுதுவது நல்லதில்லை. எழுதியவர் பட்டதே போதும். சாமியாரின் கை தானாக மேலே போயிற்று, வாய் தானாகத் திறந்தது.

"பொறு, பொறு வியாகுலம். அது என்ன சொல்லு?"

வியாகுலம் நிறுத்திவிட்டாள். நிறுத்திய வாய் மூடவில்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே, வாதாம் மரத்தடியில், வியாகுலத்தின் அதே குரலில், தொட்டில் கயிறு வாங்க என்று பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. அவள் உதடு அசையவே இல்லை. பாட்டு வாதாம் மரத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவுக்குள் இறங்கிப் போவதை இருவரும் உட்கார்ந்தபடியே கேட்டார்கள்.

"என்ன காரியம் செஞ்சிட்டிய சாமி" என்றாள் வியாகுலம். "அது பிணத்தைத் தேடிப் போகுது."

மீதியைப் பாடி முடித்துவிடு என்று சாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் வாயைத் திறந்து பார்த்தாள். ஒரு அடியும் நினைவில் இல்லை. முதல் அடிகூட இல்லை.

அன்று தொடங்கி, தினமும் காலை பத்து மணிக்கு அது வந்தது. உருவம் கிடையாது, நிழல் கிடையாது, குரல்தான். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, முப்பத்திரண்டாவது அடியின் அந்தச் சொல்வரை பாடி, சட்டென்று நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, நண்பகல் திரிகால மணி அடிக்கும்வரை பாடிவிட்டு அடங்கிவிடும். தொட்டில் கட்டியிருக்கிற வீடாக, சின்னச் செருப்பு கிடக்கிற வாசலாகப் பார்த்துத்தான் அது நின்றது. நாய்கள் எழுந்து வழிவிட்டன. வியாகுலம் மீன்கூடையோடு வடக்குத் தெருவில் போகும்போது தெற்குத் தெருவிலிருந்து தன் குரல் வருவதைக் கேட்டு, கூடையை இறக்கிவைத்துக் காதைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பலர் பார்த்தார்கள்.

ஊர் இரண்டு நாள் நடுங்கியது, மூன்றாம் நாள் ஏற்பாடுகளைச் செய்யத் தொடங்கியது. ஏலத்தை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது என்று ஊர்க்கமிட்டி தீர்மானம் போட்டது. வாய் கழுவ வைக்கிற கடல்தண்ணீரைக் கண்டால் பாட்டுக்கு ஆகாது என்று வியாகுலம் சொன்னதால், தினமும் ஒன்பதரை மணிக்கு ஊரில் உள்ள நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகளையும் வள்ளங்களில் ஏற்றிக் கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மிதக்கவிட்டார்கள். ஆசிரியைகளும் ஏறினார்கள், கரும்பலகையும் ஏறியது, ஒரு வள்ளத்தில் வாய்ப்பாடு, ஒரு வள்ளத்தில் பூகோளம், குமட்டுகிற பிள்ளைகளுக்கு எலுமிச்சை. முத்து வியாபாரத்துக்கு ஒருநாள் வந்த வெளியூர்க்காரர் ஒப்பாரியைக் கேட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு, யார் தவறிப்போனது என்று மரியாதையாக விசாரித்தபோது, கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "இன்னும் யாரும் சாவலைங்க" என்றார். வந்தவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

ஒரு குடும்பம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூருக்குப் பஸ் ஏறியது. பாட்டும் ஏறியது. கண்டக்டர் கடைசி இருக்கையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு முன்பக்கமாகப் போய் நின்றுகொண்டார். மறுநாள் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம், உங்களுக்கு வேண்டியதை அனுப்புகிறோம், நீங்கள் மட்டும் வரவேண்டாம் என்று பணிவாகச் சொல்லியனுப்பினார்கள். வீட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு தாய், வாசலில் பாட்டு வந்து நின்றதும் பயத்தில், "இங்க ஒண்ணும் இல்லம்மா, அடுத்த வீட்டைப் பாரு" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயிலேயே அடித்துக்கொண்டாள். பாட்டுக்கு யாரும் வழி சொல்லக்கூடாது என்று கமிட்டி அடுத்த தீர்மானம் போட்டது.

சாமியாரை யாரும் திட்டவில்லை. தெரியாமல் செய்துவிட்டார் என்றார்கள். வழக்கம்போல நல்ல மீனாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது. அவர் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார், லத்தீனில் பழைய ஜெபங்களைச் சொல்லிப் பார்த்தார். அவர் முடிக்கிறவரை பாட்டு மரியாதையாகக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தது. தினமும் ஒன்பதரைக்கு மணிக்கூண்டில் ஏறி, வள்ளங்களில் இருக்கிற தலைகளை எண்ணுவார். பன்னிரண்டுக்குப் பிள்ளைகள் கரை ஏறியதும் மறுபடி எண்ணுவார். நூற்றுப்பன்னிரண்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஒருநாள் நூற்றுப்பதினொன்றுதான் வந்தது. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுபடி எண்ணியபோது சரியாக இருந்தது.

இருபத்தாறாம் நாள் நூற்றுப்பதின்மூன்றாவது பிள்ளை பிறந்தது. கஸ்பார் உபதேசியாரின் மகள் ஜசிந்தாவுக்கு, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, எட்டாம் மாதத்திலேயே, உள்ளங்கையைக் கொஞ்சம் நீட்டினால் அடங்கிவிடுகிற அளவில் ஒரு பெண் குழந்தை. ஜசிந்தா பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தையைத் துணியில் பொதிந்து வள்ளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். கடல்காற்று பட்டதும் அது மூச்சுக்குத் திணறி நீலம் பாரித்தது. பதறிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொரு முறை அந்தக் காற்றைக் காட்டினால் பிள்ளை தங்காது என்று நர்சம்மா சொல்லிவிட்டாள். அன்று கரையில் இருந்த ஒரே பிள்ளை அது.

பாட்டு தேடுவதை நிறுத்திவிட்டது. மறுநாள் உபதேசியார் வீட்டுக் கேட்டில் நின்றது. அதற்கடுத்த நாள் முற்றத்தில். மூன்றாம் நாள் வாசல்படியில். திரிகால மணி அடித்தாலும் இப்போது அது அடங்கவில்லை. நான்காம் நாள் முன்னறைக்குள் வந்தது, தொட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவுதான். குழந்தையின் அழுகை நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது. பாட்டு உரத்துக்கொண்டே போனது.

ஊர்க்கமிட்டி ஒரு வாழைத்தண்டை வெட்டி, பிள்ளைத்துணி சுற்றி, பெட்டியில் வைத்து, மணியடித்து, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. பெண்கள் உண்மையாகவே அழுதார்கள். பாட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாமியார் வியாகுலத்தை அழைத்துவரச் சொன்னார். அவள் மீன்கூடையோடு வந்து அறை வாசலிலேயே நின்றாள்; அந்தப் பாயை அவள் மறுபடி மிதிக்கவில்லை.

"எனக்காகப் பாடச் சொல்லு" என்றார் சாமியார். "எனக்கு அறுபத்தாறு வயசு. நான் போறேன். எனக்குச் சம்மதம்னு அதுகிட்டச் சொல்லு."

"அது தாய் பாடுற பாட்டு சாமி. உங்களைப் பெத்தவ போய்ச் சேந்து எத்தனை வருஷம்? பெத்தவ இல்லாதவங்க பக்கம் அது திரும்பாது."

சாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செத்துப்போகலாம் என்று முடிவு செய்திருந்தது எவ்வளவு லேசான முடிவு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணு கேப்பேன், கோவிக்கக்கூடாது" என்றாள் வியாகுலம். "கண்ணு முழிச்சு, சாப்பாடு மறந்து, ஓடு ஒழுகின வருஷம் உங்க அங்கியைக் கழட்டிப் போத்திவிட்டு நீங்க நனைஞ்சு நின்னு, மாத்தல் வந்தப்பல்லாம் பெரியவங்க கால்ல விழுந்து, இத்தனை வருஷம் நீங்க வளத்தது எது?"

அவள் அலமாரியைப் பார்க்கவில்லை. சாமியாரும் பார்க்கவில்லை.

"அதுக்கு உயிர் கிடையாது வியாகுலம்" என்றார். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கிடையாதுன்னா குடுத்துட வேண்டியதுதான சாமி?"

அவருக்குக் கோபம் வந்தது. போ என்றார். அவள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெட்டியை இறக்கினார். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தொம்மை சொன்னது, வலை காயப்போடும்போது. ரெஜினாள் சொன்னது, கருவாடு புரட்டும்போது. சவரிமுத்து சொன்னது, சாகக் கிடக்கும்போது. அந்தச் சொல்லை வாங்கத்தான் சாகிறவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போயிருந்தார் என்பது அவருக்கு நினைவு வந்தது. சொன்னவர்களில் பாதிப்பேர் இப்போது கல்லறைத் தோட்டத்தில். இந்தக் காகிதம் போனால் அவர்கள் வாயை இரண்டாம் முறை மூடியதுபோல. ஒரு பக்கம் இத்தனை பேர், ஒரு பக்கம் இன்னும் பேர்கூட வைக்காத ஒரு பிடி உயிர், அதுவும் எட்டு மாதத்தில் பிறந்தது, தானாகவே தங்குமோ தங்காதோ என்று எண்ணம் ஓடியபோது அவர் திடுக்கிட்டுப் பெட்டியை மூடினார். தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது புரிந்துவிட்டது. பாட்டுக்குப் பயந்ததைவிட அந்த நிமிஷம் அவர் தன்னைக் கண்டு பயந்தார்.

மூன்று மணிக்குக் கஸ்பார் உபதேசியார் வந்தார். அன்றும் வந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்து, நேற்று விட்ட பெட்டியை மடியில் வைத்துச் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினார். சீட்டுகள் நழுவி நழுவி விழுந்தன. விழ விழப் பொறுக்கினார். இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டில் பாட்டு நடந்துகொண்டிருந்தது, இங்கேவரை கேட்டது. வியாகுலம் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கும்; சின்ன ஊர். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுக்கிக்கொண்டே இதைத்தான் கேட்டார்.

"சாமி, நீரோட்டத்துக்கு நீவாடுங்கிறது ரெண்டு சீட்டுல வந்திருக்கு. ஒண்ணை எடுத்துரட்டுமா?"

சாமியார் அந்த மனிதரைப் பதினேழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றுதான் அவர் தலைமுடி முழுவதும் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தார்.

"எடுக்க வேண்டாம் உபதேசியாரே. ரெண்டும் இருக்கட்டும். போய் ஆசாரியைக் கூப்பிட்டுப் பெட்டி செய்யச் சொல்லும்."

உபதேசியார் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தபடியே, "என்ன அளவு சாமி?" என்றார்.

"சின்னப் பிள்ளை அளவு காணாது. பெரிய ஆள் அளவுக்குச் செய்யச் சொல்லும்."

மறுநாள் காலை, பிள்ளைகள் வள்ளம் ஏறிய பிறகு, ஊர் பங்களா முற்றத்தில் கூடியது. நாற்பத்தொரு பெட்டியையும் சாமியாரே கவிழ்த்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. கல்யாண ஓலைகளும் பூசைச் சீட்டுகளும் சவப்பெட்டி நிறைந்து மேலே குவிந்தன; மூடியை அமுக்கித்தான் ஆணி அடிக்கவேண்டியிருந்தது. துக்கமணி அடித்தார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பாட்டு நிதானித்தது, பிறகு உபதேசியார் வீட்டைவிட்டு வெளியே வந்தது. ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, பெட்டிக்குப் பின்னாலேயே அது கல்லறைத் தோட்டம்வரை நடந்து வந்தது. குழிக்கரையில் நின்று, தொட்டில் கயிறு வாங்க என்று தொடங்கியது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முப்பத்திரண்டாவது அடிவரை பாடிற்று. அந்தச் சொல்லில் வந்து நின்றது.

நின்றேவிட்டது. பிறகு பாட்டு மறுபடி முதலடியைத் தொடங்கியது, ஆனால் இப்போது குரல் குழிக்கரையில் இல்லை. வாசல் பக்கமாக, ஊர்ப்பக்கமாக, வந்த வழியே நகர்ந்துகொண்டிருந்தது. ஜசிந்தாவின் அம்மா மண்ணில் உட்கார்ந்து அலறினாள்.

"சாமி" என்றார் உபதேசியார் மெதுவாக. "அங்கிப் பை."

பதினேழு வருஷம் கூட உட்கார்ந்தவருக்கு, புதுச் சொல் எழுதிய சீட்டு பெட்டிக்குப் போகுமுன் எங்கே இருக்கும் என்று தெரியும். சாமியார் பைக்குள் கையை விட்டார். முப்பத்திரண்டாவது அடியின் சொல் எழுதிய சீட்டு அங்கேதான் இருந்தது. மறந்துபோய்விட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தார், சொல்லவில்லை, மறக்கவில்லை. காலையில் அங்கியை மாட்டும்போது தொட்டுப் பார்த்துக்கொண்டதுதான். ஒன்றே ஒன்றுதானே என்று நினைத்ததுதான். ஊர் முழுவதும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கூசிப்போய்க் குனிந்து, மூடியின் இடுக்கில் அந்தச் சீட்டைச் செருகினார். அது உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

வாசலைத் தாண்டிப்போன பாட்டு திரும்பி வந்தது. அந்தச் சொல்லைப் பாடியது. அதைத் தாண்டியது. அதற்கப்பால் பதினோரு அடி இருந்தது. அந்தப் பதினோரு அடியில், இறந்த பிள்ளையிடம் தாய் கேட்கிற கடைசிக் கேள்வியும், பிள்ளை சொல்கிற பதிலும் இருந்தன, அப்படி ஒன்றை இஞ்ஞாசி சாமியார் எந்த மொழியிலும் படித்ததில்லை. அவர் கை மார்புப் பையில் இருந்த பென்சிலைத் தேடிப் போயிற்று. வியாகுலம் பக்கத்தில் வந்து, ஊர் முன்னால், ஒரு பெண் சாமியாரைத் தொடலாமா என்றெல்லாம் பார்க்காமல், அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். ஏழாம் அடியில் அவள் உதடு அசையத் தொடங்கியது, ஒன்பதாம் அடியில் காற்றில் இருந்த குரல் அவள் வாய்க்குள் வந்துவிட்டது, கடைசி அடியை அவளேதான் பாடினாள். கடல்தண்ணீர்ச் செம்பை வாங்கி மூன்று முறை வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"பாட்டு போச்சு" என்றாள்.

மண் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டிருக்கும்போதே உபதேசியார் வீட்டுப் பக்கமிருந்து ஒரு அழுகை கேட்டது, பசித்த பிள்ளையின் வீறிட்ட அழுகை, ஊரே கேட்கும்படியான அழுகை. ஜசிந்தாவின் அம்மா எழுந்து முந்தானை மண்ணில் புரள ஓடினாள். சாமியார் தன் மணிக்கட்டைப் பார்த்தார். ஐந்து விரலும் பதிந்திருந்தது.

அன்றும் மூன்று மணிக்குக் கஸ்பார் உபதேசியார் வந்தார். பழக்கம். காலி அலமாரிக்கு முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்தார். குழந்தை மூன்று முறை பால் குடித்தது என்றார். மெர்சி என்று பேர் வைப்பதாக இருக்கிறார்கள் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து, ஒரு கல்யாண ஓலையில் புதிதாகக் கத்தரித்த சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கடைசிப் பதினோரு அடி, என்ன பாட்டு சாமி அது! மண்ணு போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள எனக்கு ஒரு எழுத்துகூட நினைவுல நிக்கல. ஊர்ல யாருக்கும் நிக்கல. வியாகுலத்துக்கும் இல்லையாம். உங்களுக்கு ஏதாவது நிக்குதா?"

சாமியாருக்குப் பதினோரு அடியும் நின்றது. முப்பத்திரண்டும் நின்றது. சொல் பிசகாமல், இழுப்பு பிசகாமல், தொண்டைக்குழியில் வந்து நின்றது. மேஜைமேல் கிடந்த வெள்ளைச் சீட்டையும், அதை எடுத்துவைத்த அந்த வெளுத்த தலையையும் பார்த்தபோது, குழிக்கரையில்கூட வராத பயம் அவருக்கு வந்தது.

"இல்ல உபதேசியாரே" என்றார். "எனக்கும் மறந்துபோச்சு."

அதற்குப் பிறகு அவர் பதினான்கு வருஷம் பாசிமுனையில் இருந்தார். மாற்றல் கடிதம் வரவில்லை, வந்திருந்தால் போயிருப்பார். காலைப் பூசை வைத்தார், மாலையில் மெர்சிக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார், யார் பேச்சிலும் குறுக்கிடவில்லை. ஒரு வழக்கம் மட்டும் புதிதாக ஏற்பட்டது, அதை ஊரில் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்கள். தினமும் பத்து மணிக்குச் சற்று முன்னால், தொண்டைக்குழியில் பாட்டு அசையத் தொடங்குமுன், செம்பை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார், ஒரு வாய்க் கடல்தண்ணீரை அள்ளி வாயில் அடக்கிக்கொள்வார், விழுங்காமலும் துப்பாமலும், கன்னம் உப்ப, கண்ணில் நீர் முட்ட, திரிகால மணி அடிக்கிறவரை அப்படியே நிற்பார். மணி அடித்ததும் துப்பிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பி, வெளியே ஓடிவருகிற தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்.